மாமா கொண்டுவந்த ஒற்றைச் சப்பாத்து

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, அப்பாவும் மாமாவும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. அக்கா பெரியவளான சடங்குக்கு அப்பா நேரில் வந்து அழைக்காமல் யாரிடமோ சொல்லியனுப்பிவிட்டார் என்பது மாமாவின் குறை. தாய்மாமனே சபைக்கு வராமல் தலைகுனிய வைத்துவிட்டான் என்பது அப்பாவின் குறை. இரண்டு பேரிடமும் கைத்தொலைபேசி இருந்தது. ஒருவருடைய நம்பர் மற்றவரிடம் இருந்தது. முதலில் கூப்பிடுவது யார் என்பதுதான் தீரவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. கொட்டகலைக் கடைவீதிக்குப் பின்னால் சிறிய இரும்புப் பட்டறை வைத்திருந்தார். அப்பாவுக்குத் தோட்டத்தில் கவ்வாத்து வேலை, தேயிலைச் செடியின் முற்றிய கிளைகளைத் தறிப்பது. அந்த வருடம் வாங்கிய கத்தி நாலு செடிக்குள் மழுங்கிப்போனது. மாமாவிடம் கொடுத்தால் சரியாகும் என்று தெரிந்தும், அப்பா சாயங்காலமெல்லாம் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். ஒரு சனிக்கிழமை அவர் பழைய கத்தியோடு வேலைக்குக் கிளம்பியதும், அம்மா புதுக்கத்தியைச் சாக்கில் சுற்றி என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

மாமா கத்தியைச் சுண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கரித்தூளும் தோல்துண்டுகளும் நிரப்பிய இரும்புப் பெட்டிக்குள் அதைப் புதைத்து, மூடியைக் களிமண்ணால் பூசி, பகல் முழுக்க உலையில் சிவக்க வைத்துத் தண்ணீரில் முக்க வேண்டுமாம்.

"மேல மட்டும் இறுகும் பாப்பா. உள்ளுக்க இளக்கமாவே இருக்கும். அப்பத்தான் கல்லுல பட்டாலும் ஒடையாது."

ஆனால் பட்டறையில் தோல் தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் பழைய தோல் சாமான் ஏதும் கிடந்தால் எடுத்துவரச் சொன்னார்.

அம்மா கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு கட்டிலுக்கடியிலிருந்த பெட்டியை இழுத்து, அப்பாவின் கறுப்புத் தோல் சப்பாத்துச் சோடியை எடுத்துத் தந்தாள். அதை அவர் போட்டு நான் பார்த்ததே இல்லை.

மாமா இடதுகால் சப்பாத்தை வெட்டிப் பெட்டியில் போட்டுவிட்டு, வலதைப் புரட்டினார். குதியில் வரிசையாகப் பித்தளை ஆணிகள். அவர் கை நின்றது.

"இது அப்பாவுக்குத் தெரியுமா?"

இல்லை என்றால் திருப்பியனுப்பிவிடுவாரே என்று பயந்து, "அவருதான் குடுக்கச் சொன்னாரு" என்றேன்.

மாமா வலது சப்பாத்தை ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியை மூடிக் களிமண் பூசினார்.

மறுநாள் பகல், எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது. ஒரு கையில் கத்தியும் மறுகையில் ஒற்றைச் சப்பாத்துமாக மாமா இறங்க, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டார்கள். அந்தச் சப்பாத்து அப்பாவின் கல்யாணத்துக்கு மாமா எடுத்துக் கொடுத்தது. அன்று மேட்டில் ஏறும்போது குதி கழன்றுவிட, கோயில் வாசலில் குந்தியிருந்து மாப்பிள்ளைக்கு ஆணியடித்துக் கொடுத்ததும் அவர்தான். இதெல்லாம் அவர் போட்ட சத்தத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

"எரிக்கச் சொல்லி அனுப்புற அளவுக்கா மச்சான் நான் வேண்டாதவனாப் போயிட்டேன்?"

அப்பா எழுந்து வந்தார். சப்பாத்தைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், கதவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். எனக்கு மூத்திரம் முட்டியது. அவரோ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. சப்பாத்தை வாங்கி, வலது காலில் மாட்டிக்கொண்டு, நாலடி நடந்து பார்த்தார்.

"அனுப்புனது ரெண்டு. ஒத்தக்கால மட்டும் எதுக்குய்யா மிச்சம் வச்ச?"

மாமா முறைத்தார். அப்புறம் அவரை மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்துக்கொண்டே, "உள்ள வாய்யா, வெயில்ல நிக்காத" என்றார்.

சாப்பிட்டு முடித்து, கத்தியைச் சோதிக்கிறோமென்று இருவரும் மாறிமாறி வெட்டியதில், வீட்டுக்குப் பின்னாலிருந்த கொய்யா மரம் மொட்டையானது.

நான் இருட்டும்வரை அடிக்காகக் காத்திருந்தேன். யாரும் அடிக்கவில்லை. பொய் சொல்லித் தப்பித்த கெட்டிக்காரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். யாரும் வருவதாகச் சொல்லியிராத அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா காலையிலேயே ஏன் கோழியடித்து ஒரு சுண்டு அரிசியும் கூடுதலாகப் போட்டாள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.