வடக்குப் பக்க வேலி

இது நடந்தது. கட்டுக்கதை என்பவர்கள் தவநேசனையே போய்க் கேட்கலாம். ஆள் நல்ல மாதிரி, தேத்தண்ணீர் தருவான். வடக்குப் பக்க வேலியைப் பற்றிக் கேட்டால் மட்டும் எழும்பிப் போய்விடுவான்.

சண்டை முடிந்து, முகாமிலிருந்து சனத்தை விட்டு, முல்லைத்தீவுக் கரையில் மீண்டும் குடியேறிய வருடம். தவநேசன் கிளிநொச்சிக்காரன். அந்தக் காணி அவன் மனைவி சுகிர்தாவின் சீதனம். சீதனத்தின் கிழக்குப் பக்கத்தைச் சுனாமி தின்றிருந்தது. வீட்டை ஷெல் தின்றிருந்தது. மிச்சம் மணலும் ஒரு தகரக் கொட்டிலும். வீட்டுத் திட்டக்காரர் வந்து அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"காணி காணாது தம்பி. இவ்வளவுக்குள்ள வீடு தரேலாது. எல்லையைச் சரியாப் பிடிச்சு வேலியைப் போட்டு வையும். திங்கள் வந்து பாக்கிறன்."

சுகிர்தாவுக்கு ஏழாம் மாதம். மழை தொடங்கினால் கொட்டிலுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். அதற்குள் வீடு வேண்டும்.

வெடி எடுக்கிறவர்கள், தவநேசன் கூலி வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில், சுகிர்தா காட்டிய எல்லைவரை மிதிவெடி எடுத்துவிட்டு, அதற்கு அங்கால் மண்டையோட்டுப் பலகை நட்டுவிட்டுப் போனார்கள். பலகையை யாரோ கோழிக்கூட்டுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நல்ல பலகை.

ஞாயிறு. நடு மத்தியானம். தவநேசன் வடக்கு எல்லையில் அலவாங்குக் கம்பியால் குழி குத்தி, நட்டால் வேர்விடும் கதியால் தடிகளை வேலிக்கு நட்டுக்கொண்டிருந்தான்.

"தம்பி, உதிலயோ நடுறீர்?"

பக்கத்துக் காணியில் ஒரு மனுசி நின்றாள். ஐம்பது வயது இருக்கும். சேலையை இடுப்பில் சொருகியிருந்தாள். வந்துவிட்டது வேலிச் சண்டை என்று நினைத்தான்.

"ஏன் அக்கா, உங்கட காணிக்குள்ள வந்திட்டனோ?"

"இல்லை ராசா. உம்மட காணி இன்னும் இருக்கு. இஞ்சால வாரும்."

தவநேசனுக்குத் தன் காதில் நம்பிக்கை வரவில்லை. ஒரு கதியாலுக்காக அண்ணன் தம்பி வெட்டுப்படுகிற ஊர் அது. அங்கே இப்படியொரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை.

"எவ்வளவு தூரம் அக்கா?"

"வாருமன், காட்டுறன்."

அலவாங்கையும் எடுத்துக்கொண்டு போனான். இரண்டு எட்டு. மூன்று. வரப்போகிற வீட்டின் சிமெந்துத் தரை கண்ணில் தெரிந்தது. ஓட்டுக் கூரை தெரிந்தது.

"இன்னும்."

அவள் சேலைக் கரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அந்த வெயிலில். சொட்டிய இடத்தில் மணல் நனையவில்லை.

"கடலுக்கோ போனனீங்கள்?"

"போனன்."

இன்னும் இரண்டு எட்டு.

எங்கோ கத்திக்கொண்டிருந்த காகம் நிறுத்திவிட்டது. பிறகு... கடலும் நின்றுவிட்டது. அந்தக் கரையில் கடல் சத்தம் நின்றால் என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

வெடுக்கென்று திரும்பினான்.

கடல் இருந்தது. அலை அடித்தது. சத்தம் மட்டும் இல்லை.

"உதில குத்தும். ஆழமாக் குத்தும்."

அலவாங்கை ஓங்கினான்.

"இஞ்சாருங்கோ! ஆரோட கதை?" கொட்டிலுக்குள்ளிருந்து சுகிர்தா.

"பக்கத்துக் காணி அக்கா. காணி விட்டுத் தாறா!"

சுகிர்தா சிரித்தாள். "எங்கட ஊரிலயோ? உங்களுக்கு வெயில் மண்டைக்குள்ள ஏறிட்டுது."

வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அவன் நிற்கும் இடத்தைக் கண்டாள். சிரிப்பு நின்றது.

"அசையாதையுங்கோ."

"ஏன்?"

"அது வெடி எடுக்காத காணி. வந்த காலடியிலயே திரும்பி வாங்கோ."

அவன் கீழே பார்த்தான். மணலில் ஒரேயொரு ஆளின் காலடி. அவனுடையது.

"குத்தடா."

அதே வாய். குரல் வேறு.

"குத்தடா!"

அலவாங்கு கீழே இழுத்தது... மறுமுனையை யாரோ பிடித்துத் தொங்குவதுபோல...

இறுக்கிப் பிடித்தான்.

பின்னால் ஒரு கால்.

இன்னொன்று...

அடுத்த நாள் வெடி எடுக்கிறவர்கள் வந்தார்கள். அந்த மனுசி காட்டிய இடத்திலிருந்து ஒரே நேர்கோட்டில் மூன்று மிதிவெடிகள். கதியாலுக்குக் கதியால் விடுகிற இடைவெளியில். முதலாவது, அவன் அலவாங்கை ஓங்கிய இடத்தில்.

"சுனாமி அடிச்சுக்கொண்டு வந்து போட்ட பழைய வெடியெண்டால் கண்டபடி கிடக்கும் அண்ணை," என்றான் ஒருவன். "இது ஆரோ நூல் பிடிச்சு வைச்ச மாதிரியெல்லோ கிடக்கு."

வீடு கிடைக்கவில்லை. மழை வந்தது. கொட்டிலுக்குள் தண்ணீர் ஏறி, இருவரும் கட்டிலில் குந்தியிருந்தபோதுதான் சுகிர்தா வாயைத் திறந்தாள்.

அந்த மனுசியின் பெயர் அன்னபூரணம். சுகிர்தாவின் அப்பாவோடு அந்த வேலிக்காக வருடக்கணக்கில் வழக்காடிக் கோட்டுப் படி ஏறி இறங்கியவள். சுனாமிக்கு முந்தின கிழமை, அவள் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, அப்பா கதியால்களைப் பிடுங்கி அவள் காணிக்குள் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டார். ஒன்றும் வேர் பிடித்திருக்கவில்லை.

அலை வந்தபோது அவள் எட்டிப் பிடித்தது அந்த வேலியைத்தானாம்.

மூன்றாம் நாள் உடம்பு கரை ஒதுங்கியது. கையில் ஒரு கதியால். நாலு ஆம்பிளைகள் சேர்ந்தும் அந்த விரல்களை விரிக்க முடியவில்லை. அதோடேயே மண்ணில் தாட்டார்கள்.