விரல்களால் பேசிய பிள்ளைகள்

மான்ட்ரியாலில் அன்று தமிழ்க் குடும்பங்கள் மிகக் கொஞ்சம். யார் வீட்டிலாவது பொங்கல் என்றால் அத்தனை பேரும் அந்த ஒரு வீட்டுக் கூடத்துக்குள் அடங்கிவிடுவோம். அப்படி ஒரு பொங்கலன்றுதான் அனுசூயா எனக்குப் பழக்கமானாள். திருச்சியில் பெண்கள் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். கணவர் நாகசுப்பிரமணியன் இங்கே பல்கலைக்கழகத்தில் பாலம் கட்டும் கலையைப் பற்றிப் பாடம் எடுத்தார். அவள் வேலை கேட்டுப் போன பள்ளிகளில் சிலர் பிரெஞ்சு தெரியுமா என்றார்கள். மற்றவர்கள் கனடாவில் படித்தீர்களா என்றார்கள். கடைசியில் அவளை ஆசிரியையாக ஏற்றுக்கொண்டது ஒரு ஜப்பானியப் பள்ளிக்கூடம்.

அறுபத்தேழில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு ஜப்பானியக் கம்பெனிகள் சில இந்த ஊரில் அலுவலகம் திறந்திருந்தன. அவற்றின் ஊழியர்களுடைய பிள்ளைகள் வாரநாட்களில் இங்கத்துப் பள்ளிகளுக்குப் போனார்கள். தாய்மொழியும் கணக்கும் விட்டுப்போகக் கூடாதென்று சனிக்கிழமைகளில் பெற்றோர் தனியாக ஒரு பள்ளி நடத்தினார்கள். புதிதாக வந்த பிள்ளைகளுக்கு ஆங்கிலம் தடுமாறியது. கனடாக்காரர்கள் பேசும் வேகம் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அனுசூயாவோ ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வாள். பள்ளித் தலைவர் ஹொசோதா அவளோடு சிறிது நேரம் பேசிவிட்டு, அடுத்த வாரமே வரச் சொல்லிவிட்டார்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வாசலில் பனிக்காலணியைக் கழற்றி மர அலமாரியில் வைத்துவிட்டு, உள்ளே போட்டுக்கொள்ளத் தனிச் செருப்பு. அவள் வகுப்புக்குள் நுழைந்தால் ஒரு பெண் குரல் கொடுப்பாள். எல்லாரும் எழுந்து குனிந்து வணங்குவார்கள். மதியம் பிள்ளைகள் தங்கள் டப்பாக்களைத் திறக்கும்போது அவள் தயிர்சாதத்தைத் திறப்பாள். பாடம் முடிந்ததும் பிள்ளைகளே ஈரத்துணியால் தரையைத் துடைப்பார்கள். அவளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடச் சேர்வாள். "அனு சென்செய்" என்று அழைத்தார்கள். சென்செய் என்றால் ஆசிரியர். சில மாதங்களில் பிள்ளைகள் 'சரி' என்பதற்கு அவளைப் போலவே தலையைப் பக்கவாட்டில் ஆட்ட ஆரம்பித்தார்கள். பெற்றோருக்கு அது சிரிப்பாக இருந்தது.

பள்ளி நடந்தது நகரின் வில்லரே பகுதியில், கன்னியாஸ்திரீகள் விட்டுப்போன ஒரு பழைய கல் கட்டடத்தில். வாடகைக்கு எடுத்தது. அது முன்பு எதுவாக இருந்தது என்று ஹொசோதாவுக்குத் தெரியவில்லை; ஏதோ பெண்கள் விடுதிப் பள்ளி என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தார். அனுசூயாவின் வகுப்பு இரண்டாம் மாடியில் ஒரு நீண்ட அறை. மணி எங்கும் இல்லை. கரும்பலகைக்கு மேலே மட்டும் சிவப்புக் கண்ணாடி போட்ட ஒரு விளக்கு. வயர் அறுந்து தொங்கியது. தரை கல் அல்ல, மரப்பலகை. அடியில் வெறுமையாக இருந்ததால் யார் நடந்தாலும் அதிர்வு காலில் ஏறும். வினோதமான அறை என்று நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

எழுபத்து மூன்றாம் வருஷம் இலையுதிர்காலத்தில் அது தொடங்கியது.

ஒரு சனிக்கிழமை அவள் பலகையில் எழுதிக்கொண்டிருந்தாள். பாதத்துக்கு அடியில் ஒரு இடி. காதில் எதுவும் கேட்கவில்லை. அறைக்குள் யாரோ குதிகாலால் ஓங்கி மிதித்தாற்போல் அதிர்வு மட்டும் வந்தது. திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகள் அனைவரும் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி, அறையின் பின்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே யாருமில்லை. சிறிது நேரத்தில் எல்லாரும் ஒன்றாக முன்னால் திரும்பி, பென்சிலை எடுத்து எழுதத் தொடங்கினார்கள்.

அடுத்தடுத்த வாரங்களில் தரை துடைக்கும் நேரம் அமைதியாகிப்போனது. முன்பெல்லாம் அந்த நேரத்தில் கூச்சல் காதைத் துளைக்கும். இப்போது துணி பலகையில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. நடுநடுவே பிள்ளைகள் எழுந்து நின்று ஒருவரை ஒருவர் பார்த்து விரல்களை அசைத்தார்கள். வேகமாக, பழகிய கைகளாக. ஒருவர் அசைத்து முடித்ததும் மற்றவர் பதில் அசைத்தார். சில சமயம் எல்லாரும் சத்தமே வராமல் சிரித்தார்கள். ஜப்பானிய விளையாட்டு ஏதோ என்று அவள் எண்ணினாள். ஒரு சைகை மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு விரலால் கண்ணிமைகளைத் தொடுவார்கள், கையை உதறுவார்கள், பிறகு உள்ளங்கையைக் கதவு திறப்பதுபோல் வெளிப்பக்கம் திருப்புவார்கள்.

நவம்பரில் ஹொசோதா அவளைத் தன் அறைக்கு அழைத்துத் தேநீர் ஊற்றிக்கொடுத்தார். வெகுநேரம் பனியைப் பற்றிப் பேசினார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். பிள்ளைகள் வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் இப்படிக் கையை அசைக்கிறார்களாம். இந்திய நடனத்தில் விரல்களால் கதை சொல்வார்கள் என்று தாய்மார் சிலர் படித்திருக்கிறார்களாம். தலையாட்டுவதைப் பற்றி யாருக்கும் வருத்தமில்லை, ஆனால் இது கொஞ்சம் அதிகமோ என்று நினைக்கிறார்களாம்.

அனுசூயாவுக்கு முகம் சுட்டது. தனக்கு நடனமே தெரியாது என்றாள். உங்கள் ஊர் விளையாட்டு என்றல்லவா நான் நினைத்தேன் என்று கேட்டாள். ஹொசோதா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். எங்கள் ஊரில் இப்படி எதுவும் கிடையாது என்றார்.

அன்று வகுப்பு முடிந்ததும் சயோகோ என்ற பெண்ணை நிறுத்திவைத்துக்கொண்டாள். கெட்டிக்காரி, ஆங்கிலம் நன்றாக வந்திருந்தது. இதை யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டாள்.

"அந்த அக்கா" என்றாள் சயோகோ.

"எந்த அக்கா?"

சயோகோ பின்பக்க ஜன்னலைக் காட்டினாள். "அவங்க வாயால பேச மாட்டாங்க. கூப்பிடணும்னா காலால தட்டுவாங்க. சென்செய்க்குத் தெரியலையா? சென்செய் எப்பவும் அவங்களுக்குப் பக்கத்துலதானே நிக்கிறீங்க."

பிள்ளைகள் வாசிக்கும்போது அனுசூயா வழக்கமாக அந்த ஜன்னலோரம்தான் நிற்பாள். அந்த மூலைச் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும், புகைபோக்கி அதற்குள் ஏறிப் போவதால்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். நாகசுப்பிரமணியன் சிரிக்கவில்லை.

"வேலையை விட்டுடு அனு. உனக்கு என்ன கட்டாயம்?"

"பிள்ளைங்க பயப்படலைங்க. எனக்குத்தான் பயம். நான் பாட்டுக்கு வந்துட்டா, அவங்க அந்த ரூம்லயேதானே இருப்பாங்க?"

போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அந்த ஜன்னல் பக்கம் நிற்பதை விட்டுவிட்டாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை மூச்சு விட்டால் புருவத்தில் உறையும் குளிர். கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் துபெரே என்பவருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக அவர் மனைவி அன்று வந்து கதவைத் திறந்து, நிலவறையில் பாய்லரை முடுக்கியிருந்தார். மதாம் துபெரே ஐம்பது வயதைக் கடந்தவர், பிரெஞ்சுக்காரி, ஆங்கிலம் அரைகுறை. சனிக்கிழமைகளில் அந்தப் பள்ளி நடக்கும்போது அவர் வந்தது அதுவே முதல் தடவை.

காலையிலிருந்தே அனுசூயாவுக்குத் தலை பாரமாக இருந்தது. பிள்ளைகளும் சோர்ந்திருந்தார்கள். குளிரில் தூக்கம் கெட்டிருக்கும் என்று நினைத்தாள். ஒருவரை எழுப்பி வாசிக்கச் சொல்லிவிட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசிப்பு பாதியில் நின்றுபோனது.

அப்போது தரை இடித்தது. முன்பு வந்ததைப் போலல்ல. மேஜை மேலிருந்த சாக்குக்கட்டி உருண்டு கீழே விழுந்தது. மறுபடி இடித்தது. அனுசூயா நிமிர்ந்தாள். பிள்ளைகள் ஜன்னலைப் பார்க்கவில்லை. எல்லாரும் எழுந்து நின்று அவளையே பார்த்தார்கள். வெளிறிய முகங்கள், பாதி மூடிய கண்கள். எல்லார் கைகளும் ஒன்றாக எழுந்தன. இமைகளைத் தொட்டன, உதறின, வெளிப்பக்கம் திரும்பின. மறுபடி இமைகள், உதறல், கதவு. சத்தமே இல்லை. யாரும் நிறுத்தவும் இல்லை.

வாளியும் துடைப்பமுமாக நடையில் போன மதாம் துபெரே திறந்த கதவு வழியே இதைப் பார்த்தார். வாளி கையிலிருந்து நழுவித் தண்ணீர் அறைக்குள் ஓடியது.

"இதை யார் சொல்லிக்கொடுத்தது?" என்றார்.

அனுசூயா தெரியாது என்று தலையசைத்தாள்.

"முன்பு இது காது கேளாத பெண்களின் பள்ளி. என் அக்கா இங்கேதான் படித்தாள். கையால் பேசினால் இங்கே அடிப்பார்கள். அதனால் அக்காவும் தோழிகளும் திருட்டுத்தனமாகத் தாங்களே சைகைகள் உண்டாக்கிக்கொண்டார்கள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது எனக்கும் சொல்லித்தந்தாள். அவர்களையும் என்னையும் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இது தெரியாது."

"இவர்கள் என்ன சொல்கிறார்கள்?"

மதாம் துபெரே பிள்ளைகளின் கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "தூங்காதே. வெளியே போ."

கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்திருக்கவில்லை என்பதை அனுசூயா அப்போதுதான் கவனித்தாள். மேஜையில் கன்னத்தை வைத்துக் கிடந்தான். உதடுகள் செர்ரிப் பழம்போல் சிவந்திருந்தன. உலுக்கினாள், தலை தளர்ந்து ஆடியது.

அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். மற்றவர்களை முன்னால் விரட்டினாள். மதாம் துபெரே கீழே ஓடி மற்ற வகுப்புக் கதவுகளைத் தட்டினார். கோட்டு போடாமல் இந்தக் குளிரில் பிள்ளைகளை எப்படி வெளியே விடுவது என்று ஹொசோதா படிக்கட்டில் தயங்கினார். என்றும் குரல் உயர்த்தாத அனுசூயா அவரை நோக்கிக் கத்தினாள். தமிழில்தான் கத்தினாளாம். ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. உள்செருப்புக் கால்களோடு பள்ளிக்கூடம் முழுவதும் பனியில் வந்து நின்றது. எதிரே இருந்த மளிகைக் கடைக்காரர் எல்லாரையும் கடைக்குள் இழுத்து, தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்.

புகைபோக்கியின் வாய் பனிக்கட்டியால் அடைபட்டிருந்தது. உள்ளே செங்கல் வெடித்திருந்ததால் பாய்லரின் விஷவாயு மேலே போக வழியின்றி அந்த மூலைச் சுவர் வழியாக வகுப்பறைக்குள் கசிந்திருந்தது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இன்னும் சற்று நேரம் போயிருந்தால் ஒருவரும் எழுந்திருக்கமாட்டார்கள் என்றார் தீயணைப்புக்காரர். சில பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பையன் மறுநாள் கண் விழித்துச் சாப்பிடக் கேட்டான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

கடையின் பின்னால் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து மதாம் துபெரே மீதியைச் சொன்னார். அக்காவின் பெயர் அல்ஃபோன்ஸின். அந்த நீண்ட அறைதான் அன்று பெண்கள் படுக்கும் இடம்; சிவப்பு விளக்குதான் அவர்களை எழுப்பும் மணி. கதகதப்பாக இருக்கட்டும் என்று ஜன்னலோரச் சுவரை ஒட்டிய கட்டிலை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு குளிர்காலத்துக் காலையில் அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்துக் கட்டில் பெண்களுக்கெல்லாம் தலைவலி, வாந்தி. அல்ஃபோன்ஸினுக்கு இதயம் பலவீனம் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

"அம்மா சாகும்வரை அந்த இதயத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்" என்றார் மதாம் துபெரே.

எங்கள் கூட்டத்தில் டாக்டர் ஜெயசங்கர் இதைக் கேட்டுவிட்டு, அந்த வாயு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் மூளை மயங்கும், இல்லாதது தெரியும், கேட்காதது கேட்கும் என்று விளக்கினார். இலையுதிர்காலத்திலிருந்தே சுவரில் கசிவு இருந்திருக்கும் என்றார். அனுசூயா மறுக்கவில்லை. இத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே மயக்கம் எப்படி வந்தது, அதுவும் அங்கே துபெரே அம்மாவுக்கு மட்டும் தெரிந்த பாஷையில் என்று கேட்டாள்.

பள்ளி நகரின் மேற்கே புவாண்ட்-கிளேரில் ஒரு புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழையபடி தரை துடைக்கும் நேரத்தில் கூச்சல் வந்தது. அந்தச் சைகையை ஒருமுறை செய்துகாட்டும்படி அனுசூயா சயோகோவிடம் கேட்டாள். அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் விரித்து வெகுநேரம் பார்த்தாள். என்ன கேட்கிறீர்கள் என்றே தனக்குப் புரியவில்லை என்றாள். மற்ற பிள்ளைகளும் அப்படியே. பிள்ளைகள் மறந்துபோனதுதான் அனுசூயாவை எல்லாவற்றையும்விட அதிகமாகப் பயமுறுத்தியது.

வசந்தம் வந்ததும் ஹொசோதா அவளை அழைத்து, பழைய கட்டடத்துக்கு ஒருமுறை போக வேண்டும், மதாம் துபெரேயையும் கூப்பிடுங்கள் என்றார். நல்ல கறுப்புக் கோட்டு அணிந்து வந்திருந்தார். கையில் வெள்ளைப் பூக்களும் ஆரஞ்சுப் பழங்களும். காலியான அந்த அறையில் ஜன்னலோரம் அவற்றை வைத்து, ஊதுவத்தி ஏற்றி, இடுப்பு வரை குனிந்து வணங்கினார். ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டு மதாம் துபெரே பக்கம் திரும்பினார்.

"இவருக்குக் காது கேட்காது, இல்லையா?" என்றார். "உங்கள் அக்காவின் கையால் நன்றி என்று எப்படிச் சொல்வது?"

மதாம் துபெரே காட்டினார். நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, பிறகு மெல்ல எதிரே நீட்ட வேண்டும். மூவரும் அந்தக் கதகதப்பில்லாத சுவரைப் பார்த்து அப்படியே செய்தார்கள். பதிலுக்கு எதுவும் வரவில்லை. மதாம் துபெரே மட்டும் கையை மடக்காமல் நீட்டியபடியே வெகுநேரம் நின்றார், யாரோ அதைப் பிடித்துக்கொண்டிருப்பதைப் போல.

அனுசூயா எழுபத்தெட்டு வரை அந்தப் பள்ளியில் இருந்தாள். பிறகு கணவருக்கு ஒட்டாவாவில் வேலை கிடைத்துப் போனார்கள். அங்கே அவள் சைகை மொழி கற்று, காது கேளாத பிள்ளைகளின் வகுப்பில் உதவியாசிரியையாகச் சேர்ந்தாள். அந்த ஜன்னல் பக்கம் நிற்பதை ஏன் விட்டேன் என்பது ஒன்றுதான் தனக்கு வருத்தம் என்று என்னிடம் ஒருமுறை சொன்னாள். அத்தனை பேரில் தன் கண்ணுக்கு மட்டும் ஏன் தெரியவில்லை என்றும் கேட்டாள்.