மேதை கைவைத்த கண்ணாடி

அக்கா வீட்டுக்காரருக்கு ‘மேதை’ என்று பெயர் வைத்தது நான்தான். கிண்டலாகத்தான் வைத்தேன். அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு யாராவது வந்தால், “என் மச்சினி என்னை அப்படித்தான் கூப்பிடுவா” என்று சொல்லி, கூச்சப்படுகிற மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்வார். ஆள் எப்படி என்பதற்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? இருந்தாலும் சொல்கிறேன். சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது.

முன்பு பெயிண்ட் கடையில் வேலை பார்த்தார். வெள்ளை கேட்டு வந்த ஒருவருக்கு, ‘வெறும் வெள்ளை எடுப்பா இருக்காது’ என்று தானாகவே கொஞ்சம் மஞ்சளைக் கலந்து கொடுத்தார். வீடு முழுக்க அடித்து முடித்த பிறகுதான் அந்தப் பாவி மனுஷனுக்கு விஷயம் தெரிந்தது. கடைக்காரர் மேதையை வெளியே அனுப்பினார். அடுத்து போட்டோ ஸ்டுடியோ. அங்கே படம் எடுக்கிறவரையே எப்படி எடுக்க வேண்டும் என்று திருத்தினார். அங்கிருந்தும் வெளியே. கேட்டால், “திறமை இருக்கிற இடத்துல பொறாமையும் இருக்கும்” என்பார். அட, என்ன ஒரு திறமை!

அடுத்தவர் செய்த எதையும் அவரால் செய்தபடியே விட முடியாது. நான் டீ போட்டுக் கொடுத்தால் வாயில் வைக்கும் முன்பே எழுந்து போய் இன்னும் கொஞ்சம் கொதிக்க வைப்பார். சொந்தமாக ஒரு டீ போட்டு இந்தக் கண்ணால் நான் பார்த்ததில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பார்கள். இவருக்கு ஊரே கோணல்.

அக்காவுக்குக் கண்ணாடி உருக்கும் வேலை. நிறக் கண்ணாடி ஷீட்டுகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மின்சூளையில் வைத்தால் எல்லாம் உருகி ஒட்டி ஒரே பலகையாகிவிடும். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அங்கே ஓரம் தேய்த்து மெருகு போடுவது என் வேலை. மேதை என்ன செய்வார்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உலாத்துவார். வருகிறவர்களிடம், “நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் பண்றோம்” என்பார். கிண்ணமும் தட்டும் செய்து விற்ற வரைக்கும் அக்கா அதைக் கண்டுகொள்ளவில்லை.

அப்போதுதான் கண் டாக்டரம்மா வந்தார். புதிதாக ஆஸ்பத்திரி கட்டியிருந்தார். நோயாளிகள் காத்திருக்கும் அறையின் சுவருக்குப் பெரிய கண்ணாடிப் படம் ஒன்று வேண்டுமாம். அக்கா செய்த தட்டை யார் வீட்டிலோ பார்த்து, செய்தது யார் என்று விசாரித்து, அவளைத் தேடியே வந்தார். இது நன்றாக அமைந்தால் மேல்மாடிக்கும் அவளிடமே கொடுப்பதாகச் சொன்னார். அவர் போன பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “இது ஒண்ணாவது என் பேர்ல நிக்கணும்டி” என்றாள்.

அக்கா செய்து முடித்த படத்தில் அடியில் கரும் நீலம், மேலே போகப் போக வெளுத்து, உச்சியில் வெறும் வெள்ளை. பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரே ஒரு குறை: கீழ் ஓரத்தில், கண்ணாடிக்குள்ளே, கொண்டைக்கடலை அளவில் ஒரு குமிழி. அடுக்கும்போது சிக்கிய காற்று. அக்கா மறைக்கவில்லை. டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் விரலால் தடவிப் பார்த்து, “இருக்கட்டும்மா. மூச்சு விட்ட மாதிரி இருக்கு. எனக்குப் பிடிச்சிருக்கு” என்றார். அக்கா குண்டூசி எழுத்தில் தன் பெயரைக் கீழே செதுக்கினாள். முடிந்தது வேலை.

முடிந்ததா? வாங்கப்போகிறவருக்கே குறையாகத் தெரியாத குமிழி மேதையின் கண்ணை உறுத்தியது. குமிழியா உறுத்தியது? அந்தப் பெயர்தான் உறுத்தியது. நானும் அக்காவும் அப்பாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று வெளியூர் போனோம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. நாங்கள் திரும்பி வந்தபோது மேதை வாசலிலேயே நின்றார். பக்கத்துக் கடைக்காரர்கள் வேறு உள்ளே கூடியிருந்தார்கள்.

“வா வா, வந்து பாரு. உன் கண்ணாடிக்கு உயிர் குடுத்திருக்கேன்.”

குமிழியைத் துளை போட்டு எடுத்துவிட்டு, அந்தக் குழியில் வேறு நீலக் கண்ணாடியை இட்டு நிரப்பி, பலகையை மறுபடி சூளையில் ஏற்றியிருக்கிறார். அதுவும் அவராகவே! ஒட்டுப் போட்ட தடமே தெரியவில்லை, பளபளவென்று இருந்தது. கீழே அக்காவின் பெயருக்கு மேலே, அதைவிடப் பெரிதாக, அவர் பெயர். அக்கா பெயரைப் பார்த்தாள், ஒட்டைப் பார்த்தாள், கடைக்காரர்கள் போனதும் கேட்டாள்.

“எந்த அலமாரியில எடுத்தீங்க?”

“வலது பக்கம். நான் வாங்கிட்டு வந்து போட்டிருக்கேனே, அதுல.”

“அது வேற கம்பெனின்னு சொல்லியிருக்கேன்ல?”

“நீலத்துல என்னடி நல்ல நீலம், கெட்ட நீலம்? கலர் அச்சு அசலா ஒத்துப்போச்சு பாரு.”

இந்தத் தொழிலில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது. இரண்டு கம்பெனிக் கண்ணாடியைக் கலக்கக் கூடாது. சூட்டில் இரண்டும் ஒன்றுபோலத்தான் உருகும், சமர்த்தாக ஒட்டிக்கொள்ளும். ஆறும்போதுதான் ஒன்று கூடுதலாகச் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும். உள்ளுக்குள் இழுபறி. இன்றைக்கும் விரிசல் விடலாம், அடுத்த மாதமும் விடலாம். அதைச் சோதிக்க எங்களிடம் ஒளி ஊடுருவும் இரண்டு கறுப்புத் தகடுகள் உண்டு. கண்ணாடிக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று குறுக்காகப் பிடித்து விளக்கைக் காட்டினால் எல்லாம் இருட்டாகத் தெரியும். இழுபறி இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகத் தெரியும். அக்கா பிடித்துப் பார்த்தாள். ஒட்டைச் சுற்றி வட்டமாக வெள்ளை.

“பாத்தியா, எவ்வளவு அழகா இருக்கு!” என்றார் மேதை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அக்கா நேரே போன் பக்கம் போனாள். டாக்டரம்மாவிடம், “கண்ணாடி கெட்டுப்போச்சு டாக்டர். மிஞ்சுறதை வெச்சு வேற மாதிரி செய்யப்போறேன். நீங்க பாத்தது வராது. வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க” என்றாள். அவர், “கொண்டு வாங்க, பாத்துட்டு சொல்றேன்” என்றாராம். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“யாரு கெடுத்தான்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?”

“அது அவங்களுக்கு எதுக்குடி? என் பட்டறையில கெட்டுச்சு, நான் பாத்துக்கிறேன்.”

அவள் பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றிக் கண்ணாடி அறுக்கும் ரம்பத்துக்குப் போனாள். மேதை குறுக்கே நின்றார். “பைத்தியமாடி உனக்கு? தங்கம் மாதிரி இருக்கிறதை வெட்டப்போறேங்கிற!”

“இதை அப்படியே மாட்டினா என்னைக்காவது கீழ உக்காந்திருக்கிறவங்க தலையில விழும்.”

“நீதான் வேணும்னே வெட்டிக் கெடுத்தேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுவேன்.”

“சொல்லுங்க. இப்ப நகருங்க.”

நகர்ந்தார். ஏன் நகர்ந்தார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. அக்காவின் குரல் ஒன்றும் உயரவில்லை. ரம்பம் ஓடியது. ஒட்டுக்குத் தள்ளித்தான் வெட்டினாள். வழியிலேயே விரிசல் விட்டு மேலே ஏறினால் மொத்தப் பலகையும் போய்விடும். பாதியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஒட்டு தனியாகத் தெறித்து விழுந்தது. விரிசல் வெட்டுக் கோட்டோடு நின்றுவிட்டது. நல்ல காலம்.

“நீ வெட்டினதாலதான் விட்டுச்சு!” என்று கத்தினார் மேதை. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி.

இரண்டு பெயர்களும் அந்த ஓரத்தோடு போயின. மிச்சப் பலகையை அக்கா நீள நீளமான பட்டைகளாக அறுத்தாள். ஒவ்வொரு பட்டையையும் படுக்கையாக வைக்காமல், பக்கவாட்டில் நிமிர்த்தி நெருக்கி அடுக்கினாள். அப்படி வைத்தால் உள்ளே இருந்த அடுக்குகள் எல்லாம் கோடு கோடாக மேலே தெரியும். குறைந்த இடத்துக்கு இடது அலமாரியிலிருந்து, பலகையின் அதே கம்பெனிப் புதுக் கண்ணாடி வெட்டிச் சேர்த்தாள். எப்படி வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. முகம் வெளிறிப்போயிருந்தது. சாப்பிடச் சொன்னால், “அப்புறம்” என்றாள்.

சூளை ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. மேதைக்கோ, மூடியைப் பார்த்தால் கை ஊறும். ‘சும்மா ஒரு எட்டு’ என்று பார்த்தே எத்தனையோ தட்டுகளை உடைத்திருக்கிறார். அதனால் நான் சூளைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, துடைப்பத்தோடு உட்கார்ந்தேன். பூனை மாதிரி வந்து வந்து போனார்.

“ரெண்டு விரல் தூக்கிப் பாத்தா என்ன ஆயிடும்?”

“உங்க ரெண்டு விரலும் போயிடும், மாமா.”

“மேதைன்னு கூப்பிட்ட வாயா இது?”

“இதே வாய்தான். போங்க.”

ஆறியதும் அக்காவே திறந்தாள். முதலில் செய்தது வானம் மாதிரி இருந்ததென்றால், இதில் நூறு வானத்தை மடித்து வைத்த மாதிரி கோடுகள். சில இடத்தில் நீலம் வெள்ளைக்குள் கசிந்திருந்தது. அவள் கறுப்புத் தகடுகளைப் பிடித்தாள். ஓரத்துக்கு ஓரம் இருட்டு. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. அக்கா தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நானும்தான் அழுதேன், அதிலென்ன வெட்கம்? மேதை எட்டிப் பார்த்துவிட்டு, “நான் கைவெச்சதால இப்படி ஒரு ஐடியா கிடைச்சுது உனக்கு” என்றார். எனக்குத் துடைப்பத்தின் ஞாபகம் வந்தது. அக்கா காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கண்ணைத் துடைத்துவிட்டு, செதுக்கும் ஊசியை எடுத்து, பழையபடி குண்டூசி எழுத்தில் தன் பெயரைப் போட்டாள்.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிற அன்று மேதை தேய்த்த சட்டை போட்டு, சென்ட் அடித்து, எங்களுக்கு முன்னால் தயாராகிவிட்டார். வழியெல்லாம் உதடு முணுமுணுத்தது. பேசப்போவதை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தார். எனக்குப் பகீரென்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள். அங்கே போய் என்ன சொல்வாரோ.

டாக்டரம்மா போர்வையை விலக்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்ப் பார்த்தார். எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

“அதைவிட இது நல்லா இருக்கேம்மா!” என்றார். “மேல்மாடிக்கும் நீங்களே பண்ணிடுங்க.” பிறகு, தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்த மேதையைப் பார்த்தார். “இவர் யாரு?”

அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“என் வீட்டுக்காரர். சுவத்துல ஆணி அடிக்க வந்திருக்காரு.”

டாக்டரம்மா, “நல்லதாப்போச்சு. ஏணி அந்தப் பக்கம் இருக்கு, சார்” என்றார். மேதை அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார். பிறகு தேய்த்த சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏறினார். அக்கா கீழேயிருந்து, “இன்னும் கொஞ்சம் இடது பக்கம்” என்றாள். ஒரு வார்த்தை மறுபேச்சுப் பேசாமல் அவர் இடது பக்கம் தள்ளி அடித்தார்.