யானைமலையில் கேட்ட குரல்

எழுபதுகளின் கடைசியில் நானும் நண்பன் முத்துவும் மதுரையில் ஒரே மில்லில் வேலை பார்த்தோம். ஊரைச் சுற்றித் தெரியும் எல்லா மலைகளின் உச்சிக்கும் ஏறிவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. பல வருடங்களாக, லீவு கிடைக்கும்போதெல்லாம் ஏறினோம். யானைமலை மட்டும் பாக்கி இருந்தபோது முத்து மஞ்சள்காமாலையில் இறந்துபோனான்.

தனியாகவாவது ஏறி முடித்துவிடுகிறேன் என்று அவன் அம்மாவிடம் சொல்லப் போனேன். "என்னையும் கூட்டிட்டுப் போய்யா" என்றார். தடுத்தும் கேட்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வழுக்குப் பாறையில் தவழ்ந்தே ஏறினார்.

உச்சியில் மூச்சு வாங்கியபடி கேட்டார். "மேல வந்ததும் அவன் என்னய்யா செய்வான்?"

"தன் பேரச் சொல்லிக் கத்துவாம்மா."

அவர் எழுந்து நின்று கூப்பிட்டார். "முத்து, வீட்டுக்கு வாடா."

பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் தெளிவாக வந்தது. "வாரேன்."

ஆடு மேய்க்கும் யாருக்காவது அதே பெயர் இருக்கலாம். "யாருன்னு பாத்துட்டு வரட்டுமாம்மா?" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்யா. எறங்கிருவோம்."

அன்று எட்டிப் பார்க்காதது நல்லதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அது முத்துவின் குரல் போலவா இருந்தது என்று யாராவது கேட்டால், இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.