மாதேஸ்வரியின் உளுவைகள்

மாதேஸ்வரி எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பாள். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் சேர்ந்தவள். முதலில் பேக்கிங், அப்புறம் தரம் பார்க்கும் மேசை. பாகம் எந்த அச்சில் வார்த்தது, எந்த மிஷினில் வந்தது என்பதெல்லாம் அதன் அடிப்பக்கத்தில்தான் பொறித்திருக்கும். மேலே இருக்கும் பளபளப்பை நம்பாதே என்பது அந்த மேசையின் முதல் பாடம். கற்ற கை வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. சந்தையில் கத்தரிக்காயைக் கவிழ்த்தாள். மொய் வைத்த வீட்டில் கொடுத்த எவர்சில்வர் டப்பாவைக் கவிழ்த்தாள். பெண் பார்க்க வந்தபோது சுரேந்தர் வீட்டார் கொண்டுவந்த ஸ்வீட் பெட்டியையும் எல்லோர் முன்னாலும் கவிழ்த்து, தேதி பார்த்தாள்.

“அன்னிக்கி என்னைக் கவுத்துப் பாக்காம வுட்டாளே, அதுவே பெருசு” என்று கம்பெனி வேன் ஓட்டும் சுரேந்தர் இப்போதும் சொல்லிச் சிரிப்பான்.

மீனை மட்டும் அவள் கவிழ்க்க வேண்டியிருக்கவில்லை. அதுவே வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒட்டியிருந்தது. ஓசூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் பெருமாளின் வண்ணமீன் கடை. மழைக்கு ஒதுங்கப் போனவள், ஒரு தொட்டியின் கண்ணாடியில் விரல் நீள மஞ்சள் மீன் ஒன்று பல்லி மாதிரி அசையாமல் நிற்பதைப் பார்த்தாள். வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து ஒரு சின்னக் கிண்ணம் போலக் குவிந்து, கண்ணாடியைக் கவ்வியிருந்தன.

“இது உளுவைதானுங்களே?”

“உளுவையா?” பெருமாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அது கொழம்புக்குக்கா. இது கோபி. ஃபாரின் ஐட்டம்.”

“எங்கூரு ஓடையில இருக்கறதுக்கும் வயித்துல இதே கிண்ணந்தான் இருக்குது.”

“அப்ப உங்கூரு ஓடையே ஃபாரின்தான் போங்க.”

அவன் கிண்டலுக்குச் சொன்னதை அவள் பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தாள். அன்றிலிருந்து ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும் கைபேசியில் அதையே தேடிப் படித்தாள். உளுவையும் அந்த மஞ்சள் மீனும் ஒரே பெரும் வம்சம்தான். அந்த வம்சத்தில் ஆயிரக்கணக்கான வகைகள். பவளப் பாறையில் நகத்தளவு இருப்பது உண்டு. கடலடி மணலில் இறாலோடு ஒரே வளையில் குடியிருப்பது உண்டு. இறால் வளை தோண்டும், மீன் வாசலில் நின்று காவல் பார்க்கும். கழிமுகச் சேற்றில் தண்ணீரை விட்டு வெளியேறித் தாவுகிறதும் உண்டு. எங்கோ தீவுகளில் இருக்கும் சில, வயிற்றுக் கிண்ணத்தால் பாறையைப் பிடித்துப் பிடித்து அருவியிலேயே ஏறிவிடுகின்றன. இந்த வம்சத்துக்கு நெருங்கிய இன்னொரு கூட்டத்துக்கு வயிற்றுத் துடுப்பு ஒட்டாமல் தனித்தனியாகவே இருக்கும். முன்பு ஒரே குடும்பம் என்று எழுதியிருந்ததைப் பிற்பாடு அறிஞர்கள் பாகம் பிரித்து, சேற்றில் தாவுகிறவற்றை வேறு வீட்டில் வைத்தார்கள். அந்தப் பாகப்பிரிவினை இன்னும் முடியவில்லை என்று படித்தபோது மாதேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. மீன்களுக்கும் சொந்தபந்தச் சிக்கல் தீரவில்லை.

உப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் அந்த வம்சத்துக்கு ஒன்றுதான். உளுவை ஆற்றில் இருக்கும், ஏரியில் இருக்கும், ஆறு கடலில் சேரும் இடத்திலும் இருக்கும். ஆனாலும் அது அருவி ஏறும் சாதி இல்லை. இதுதான் பின்னால் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

வேப்பனப்பள்ளிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊரிலிருந்து ஒரு சித்திரை மாதம் அவள் அம்மா சென்னம்மாள் போன் செய்தாள். மாந்தோப்பில் கூலி வேலை முடித்து வந்த களைப்போடு ஊர்ச் செய்திகளைச் சொல்லிக்கொண்டே வந்தவள், போகிற போக்கில், “பாலம் கட்டறாங்கன்னு ஓடைய அந்தாண்ட திருப்பி வுட்டுட்டாங்க. பாறை மடுவுல தண்ணி வத்தறாப்புல இருக்குது. கொக்குங்களுக்குத்தான் தீவாளி” என்றாள்.

மாதேஸ்வரி உடனே கணக்குப் போட்டாள். ஓடைக்குக் கீழே சில வருஷங்களுக்கு முன் தடுப்பணை கட்டியாகிவிட்டது. அதற்குக் கீழே ஆற்றில் உளுவை இருக்கலாம். இருந்தாலும் அந்தச் சுவரில் ஏறி வராது. பாறை மடுவில் இருப்பது செத்தால் தடுப்பணைக்கு மேலே உளுவை என்ற ஒன்றே இருக்காது. மழை வந்து ஓடை நிறைந்தாலும் வெறும் தண்ணீர்தான் ஓடும்.

“டேம் மீன்கடையில கெடைக்குதே, கிலோ கணக்குல வாங்கி வுட்டுட்டாப் போவுது” என்றான் சுரேந்தர்.

“ஐஸ்ல செத்துக் கெடக்கறத வுட்டா நீந்துமா? நாயித்துக்கெழம வண்டிய எடுங்க.”

மடு ஒரு கட்டில் அளவுக்குச் சுருங்கிவிட்டது. கொசுவலையைக் கிழித்து இருவரும் முழங்கால் சேற்றில் இறங்கினார்கள். பெயின்ட் வாளியில் சுரேந்தர் மீன்களைப் போடப் போட, மாதேஸ்வரி ஒவ்வொன்றாக எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள்.

“இது ஏன் வெளிய போடற? உளுவைதானே?”

“கொரவைங்க. முதுகுல ஒரே நீளத் துடுப்பு. வயித்துல கிண்ணம் இல்ல. வாளியில இருந்துச்சுன்னா ஓசூரு போறதுக்குள்ள மத்ததத் தின்னுரும்.”

“ரெண்டும் ஒரே மண்ணு கலர்ல இருந்தா நான் என்னாடி பண்ணுவேன்?”

“கவுத்துப் பாருங்க.”

கிண்ணம் இருந்தவை கொஞ்சம்தான் தேறின. அவற்றில் பாதி வழியிலேயே செத்தன. ஓசூரில் அவர்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடியில் மணலும் ஓட்டுத் துண்டும் போட்டு வைத்த பெரிய தொட்டியில், வெயில் ஏறியதும் இன்னும் சில மிதந்தன. கடைசியில் தங்கியது ஒரு ஜோடி. ஆணா பெண்ணா என்ற அடையாளமும் அடிவயிற்றில்தான்: ஆணுக்கு அங்கே கூரான சிறு முனை, பெண்ணுக்கு அது மழுங்கி அகன்றிருக்கும். ஒன்று கூர், ஒன்று மழுங்கல் என்று தெரிந்ததும் மாதேஸ்வரி இரண்டையும் மெதுவாகத் தொட்டியில் திரும்ப விட்டாள். இந்த இரண்டும் குஞ்சு பொரித்தால்தான் ஓடைக்கு உளுவை.

ஆனி மாதத்தில் பெண் முட்டையிட்டது. ஓட்டுத் துண்டின் உள்பக்கம், கூரையில் தொங்குகிற மாதிரி, கம்பு மணியைவிடச் சின்னதாக வரிசை வரிசையாக ஒட்டியிருந்தது. அவள் பெருமாளுக்குப் போன் போட்டாள்.

“தாய் தகப்பன் ரெண்டையும் தூக்கிருங்கக்கா. இல்லன்னா முட்டைய முழுங்கிரும். எல்லா மீனும் அப்பிடித்தான்.”

எல்லா மீனும் என்றால் தங்கமீனும் கெண்டையும். அவன் கடையில் குஞ்சு பொரிப்பவை அவைதான். மாதேஸ்வரி அதை யோசிக்கவில்லை. சந்தேகம் வந்த பாகத்தை நல்ல பாகத்தின் பக்கத்தில் ஒரு நொடியும் வைக்கக் கூடாது, உடனே சிவப்புத் தொட்டியில் போட வேண்டும் என்பது அவள் மேசையின் சட்டம். கைக்குப் பழகிய சட்டத்துக்குத் தலை குறுக்கே வரவில்லை. பெண்ணை ஒரு வாளியிலும், ஆணைத் துணி ஊறவைக்கும் சிவப்பு டப்பிலும் விட்டாள். டப்பில் மறைவுக்கு ஓர் ஓட்டுத் துண்டும் போட்டாள்.

முட்டைகள் இரண்டாம் நாளே வெளுத்தன. அப்புறம் பஞ்சு பூத்த மாதிரி பூஞ்சை படர்ந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

அன்று ஷிப்டு முடிந்து வந்தவள் சாப்பிடாமல் மாடியில் நின்றாள். சிவப்பு டப்பைக் காலி செய்யக் குனிந்தபோது ஆண் உளுவை ஓட்டுத் துண்டுக்கு அடியில் இருந்தது. தலையை மேலே தூக்கி, மார்புத் துடுப்புகளால் ஓட்டின் உள்பக்கத்துக்கு விசிறிக்கொண்டிருந்தது. அங்கே ஒரு முட்டையும் இல்லை. வெறும் ஓடு. கொஞ்சம் விசிறும், வாசலுக்கு வந்து எட்டிப்பார்க்கும், திரும்பப் போய் விசிறும்.

அவள் டப்பைக் கவிழ்க்காமல் குந்தி உட்கார்ந்து பார்த்தாள். ஓடையில் ஓட்டமான தண்ணீர் செய்கிற வேலையை, தேங்கிய தண்ணீரில் இவன் துடுப்பு செய்கிறது. முட்டைக்குக் காற்று கொடுப்பவன் இவன், பூஞ்சை அண்டாமல் பார்ப்பவன் இவன். பிறகு தேடிப் படித்ததிலும் அதுதான் இருந்தது: இந்த வம்சத்தில் அனேகமாக அப்பன்தான் காவல்.

“கெண்டைக்கு வெச்ச சட்டத்த உளுவைக்கு வெச்சிட்டேன்” என்றாள் சுரேந்தரிடம். “இவனப் போயி ரிஜெக்ட்ல போட்டேன் பாருங்க.”

“போனது போச்சு வுடு. மறுபடியும் போடுமா?”

“போட வெக்கறேன்.”

மறுநாளிலிருந்து மண்புழு தேடி ஏரிக்கரை வரை போனாள். சின்ன மீன் பிடித்து வந்து போட்டாள். ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்ணிடம் பேசி ஷிப்டை மாற்றிக்கொண்டு, வெளிச்சத்திலேயே வீடு வந்தாள். ஜோடியை மீண்டும் ஒரே தொட்டியில் விட்டாள். ஆண் புது ஓட்டுக்கு அடியில் வாயால் மணலை அள்ளி அள்ளிக் கொட்டிக் குழி செய்தது. ஆடி கடைசியில் பெண் உள்ளே போனது, வயிறு தட்டையாக வெளியே வந்தது. இந்த முறை அவள் பெண்ணை மட்டும் எடுத்தாள். தண்ணீர் மாற்றக் கை விட்டபோது ஆண் அவள் விரலைக் கடித்தது. கடிபட்டவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் ஆவணி பிறக்கப்போகிறது. வீட்டுக்காரர் கங்கப்பன் மாடியில் வாடகைக்கு அறை கட்டப்போகிறார். ஆடியில் வேலை தொடங்கக் கூடாது என்பதால்தான் அதுவரை பொறுத்திருந்தார். ஆவணி முதல் முகூர்த்தத்தன்று கையில் தேங்காயோடும் பின்னால் மேஸ்திரியோடும் அவர் ஏணி ஏறி வந்தபோது, ஓட்டுக்கடியில் முட்டைகளுக்குக் கண் வைத்திருந்தது. கருப்பாக, ஊசி முனை மாதிரி, ஒவ்வொன்றிலும் இரண்டு.

“ஏனம்மா மாதேஸ்வரி, தொட்டிய எடுக்கலியா? இதான் ஈசானிய மூல. இங்கதான் பூஜ போடணும்.”

“பூஜ போடுங்கண்ணா. தொட்டிய மட்டும் இப்ப அசைக்க முடியாது. குஞ்சு வர்ற நேரம்.”

“மீனுக்குப் பிரசவம்னு என் பில்டிங்கு நிக்கணுமா? ஊருல கேட்டா நகுத்தாரு, சிரிப்பாங்கம்மா!”

“நிறுத்தச் சொல்லலீங்கண்ணா. கீழ சம்ப்பு தோண்டறப்ப ஈசானியத்துல தண்ணி நின்னா குடும்பத்துக்கு நல்லதுன்னு நீங்கதானே சொன்னீங்க? இங்கயும் தண்ணிதானே நிக்குது? பூஜைய இங்க போட்டுட்டு, வேலைய அந்தக் கோடியில ஆரம்பிக்கச் சொல்லுங்க.”

கங்கப்பன் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “தண்ணி இருந்தாத் தப்பில்லீங்க. மணலு, ஜல்லியெல்லாம் அந்தப் பக்கந்தான் ஏத்தப் போறோம்.”

“கம்பெனிக்காரப் பொண்ணுகிட்ட வாயக் குடுக்கக் கூடாதுப்பா” என்று கங்கப்பன் தொட்டிக்குப் பக்கத்திலேயே செங்கல் வைத்து, தேங்காய் உடைத்தார். பூசை முடிந்து, யாரும் பார்க்காதபோது குனிந்து ஓட்டுக்கடியில் எட்டிப்பார்த்தார். “அப்பனா காவலு? அம்மா எங்க?”

“வாளியில ரெஸ்ட்டுலங்கண்ணா.”

“பரவால்லியே. எங்க வம்சத்துல இப்பிடி ஒருத்தனும் இல்ல.”

குஞ்சுகள் வந்தன. கண்ணும் ஒரு முடியும் மட்டும் நீந்துகிற மாதிரி இருந்தன. கடையில் வாங்கிய தீவனம் அவற்றின் வாய்க்குள் போகாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்கும் பச்சைத் தண்ணீர் வேண்டும் என்று படித்திருந்தாள். கங்கப்பன் மாடுகளை விற்றபின் கழுவாமல் கிடந்த கல்தொட்டியில் அது தளும்பியது. அவரே கோயிலுக்கு மகமை கொடுப்பவர் போல ஒரு சொம்பில் மொண்டு ஏணிக்கடியில் நின்று நீட்டினார். தினமும் குஞ்சுகள் குறைந்தன. அவள் மிச்சத்தைப் பார்த்தாள், செத்ததைப் பார்த்து நிற்கவில்லை. நாலு பக்கமும் சிமெண்ட் தூசி பறந்தது. தொட்டிக்குப் பழைய சேலை கட்டினாள். புரட்டாசி கடைசியில், உடம்பில் புள்ளி விழுந்து, அடிமணலில் உட்காரப் பழகிய குட்டிகள் இரண்டு கை அள்ளும் அளவுக்குத் தேறியிருந்தன.

ஐப்பசியில் சென்னம்மாள் கூப்பிட்டாள். “பாலம் முடிஞ்சுது. ஓடைய பழையபடி திருப்பிட்டாங்க. மடு ரொம்பிட்டுது. கலங்கலும் தெளிஞ்சிட்டுது, வா.”

மடுவின் ஓரம் பாலத்து ஆட்கள் உடைத்துப் போட்ட கருங்கல் குவியலாகக் கிடந்தது. மாதேஸ்வரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, தட்டையான கற்களாகப் பார்த்து அடியில் இடைவெளி இருக்கும்படி பரப்பினாள். வாளியைத் தண்ணீரில் சாய்த்தாள். முதலில் போனது அப்பன் உளுவை. ஒரு கல்லுக்கடியில் நுழைந்து தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. பெண் ஆழத்துக்குப் போனது. குட்டிகள் வாளி விளிம்பில் தயங்கின. பிறகு ஓடைத் தண்ணீர் உள்ளே புகுந்து அவற்றை இழுத்துக்கொண்டது. அடுத்த கணம் மணலும் மீனும் வேறு வேறாகத் தெரியவில்லை.

“எல்லாம் பொழைக்குமா?” என்று கேட்டான் சுரேந்தர்.

“எல்லாம் பொழைக்காது. கொரவை திங்கும், கொக்கு திங்கும். கொஞ்சம் பொழச்சாப் போதும்.”

“அப்ப முடிஞ்சுது. கெளம்பலாமா?”

மாதேஸ்வரி காலி வாளியை அவன் கையில் கொடுத்துவிட்டு ஓடையின் மேல்பக்கம் பார்த்தாள். புதர் மறைத்த வளைவுக்கு அப்பால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

“மேல இன்னும் ரெண்டு மடு இருக்குதுன்னு அம்மா இப்பத்தான் சொல்லுச்சு. அதுல என்னா இருக்குதுன்னு இன்னி வரைக்கும் யாரும் பாத்ததில்ல. வலைய எடுத்துட்டு வாங்க.”

பதிலுக்குக் காத்திராமல், பாறையைப் பிடித்துக்கொண்டு அவள் மேலே ஏறத் தொடங்கினாள்.