ஞாயிற்றுக்கிழமை வீடு

எங்கள் எதிர்வீட்டுக் கதவைப் போன வாரம் ஒரு தரகர் திறந்தார். வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் வெளிநாட்டில், பூட்டிக் கிடந்து பல வருடம். கதவு திறந்ததும் ஒரு வாடை வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. புழுக்கம், பழைய சுண்ணாம்பு, எல்லாவற்றுக்கும் மேலே புறா எச்சம். காய் நறுக்கிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். உங்களுக்கு அது நாற்றமாகத்தான் இருக்கும். எனக்கு அது நான் முதன்முதலாகக் குடியிருந்த வீட்டின் மணம்.

அதற்கு முன்னால் நாங்கள் இருந்ததை வீடு என்று சொல்லக்கூடாது. கரோல்பாகில் மொட்டைமாடியில் ஒற்றை அறை. பர்சாத்தி என்பார்கள். மே மாதத்தில் அங்கே அப்பளம் சுட அடுப்பு வேண்டாம். எண்பதுகளின் நடுப்பகுதி, கல்யாணமாகி ஒரு வருடம். வீட்டுக்காரம்மா பஞ்சாபி, நல்ல மனுஷி. ஆனால் முதல் நாளே, "பச்சா நஹீ சலேகா" என்று சொல்லிவிட்டாள். குழந்தை வந்தால் காலி செய்ய வேண்டும். ஐந்தாம் மாதம் வரை நான் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொண்டு மாடி ஏறினேன். நாலு பெற்றவளிடம் போய் என் சாமர்த்தியம்! ஒருநாள் படிக்கட்டில் நிறுத்தி, கை நிறைய மாங்காயைக் கொடுத்து, தசராவுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள் என்றாள். மாங்காயைத் தின்றுகொண்டே அழுதேன். மாங்காய் நன்றாகத்தான் இருந்தது.

தில்லியில் அப்போது வீடு இல்லாமல் இல்லை என்பதுதான் வேடிக்கை. யமுனைக்கு அக்கரையில் மயூர் விஹாரில் புதுப்புது அடுக்குமாடிகள் எழும்பி நின்றன. அவற்றை வாங்கியவர்களில் பலர் லோதி ரோடு பக்கம் சர்க்கார் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். ரிடையர் ஆகும்வரை அங்கேதான். அதுவரை சொந்த வீட்டுக்குப் பூட்டு. வாடகைக்கு விட்டால் குடிவந்தவன் போகமாட்டான், கோர்ட்டு கேஸு என்றே ஆயுசு முடிந்துவிடும் என்று பயம். இந்தக் கரையில் வீடில்லாமல் நாங்கள், அந்தக் கரையில் ஆளில்லாமல் வீடுகள்.

என் வீட்டுக்காரரின் ஆபீசில் செக்ஷன் ஆபீசர் ஒருவர், எங்களைப் போலவே திருநெல்வேலிப் பக்கம். அவரை அண்ணாச்சி என்போம், அவர் மனைவியை மதினி என்போம். அவர்களுக்கும் அங்கே இரண்டாம் மாடியில் ஒரு வீடு. ஞாயிறு தோறும் பஸ் பிடித்துப் போவார்கள். கதவைத் திறந்து, பெருக்கி, பாய் விரித்து, பிளாஸ்க்கில் கொண்டுபோன காபியைச் சொந்த வீட்டில் உட்கார்ந்து குடித்துவிட்டு, பூட்டிக்கொண்டு திரும்புவார்கள். திரும்புமுன் அண்ணாச்சி பூட்டை இழுத்து இழுத்துப் பார்ப்பார். பூட்டுக்கு வலிக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களையும் அழைத்துப் போனார்கள். மாடிப்படி நெடுக, கதவுக்குக் கதவு பூட்டு. பின்பக்கம் வயல், வயலில் மயில்கள். மதினி அடுக்களைக் கதவைத் தள்ளியதும் படபடவென்று ஒரு புறா எழும்பியது. உடைந்த வென்டிலேட்டர் வழியாக வந்து மேல்தட்டில் கூடு கட்டியிருந்தது.

"ஏ, அந்த வாரியல எடு!" என்று விளக்குமாற்றுக்குக் கை நீட்டினார் அண்ணாச்சி.

"சும்மா இருங்க. முட்ட கெடக்கு."

"அதுக்கு நம்ம அடுக்களதான் கெடச்சுதாக்கும்?"

மதினி என் வயிற்றைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "புறாவுக்கு வாடகை இல்லாம விட்டிருக்கீய. மாசமா இருக்க புள்ளைக்கு விடணும்னா மட்டும் கோர்ட்டு கேஸு நெனப்பு வருதோ?"

நாங்கள் அதுவரை வாய் திறந்து கேட்டதே இல்லை. எனக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. என் வீட்டுக்காரர் அந்த வீட்டை விலைக்கு வாங்கப்போகிறவர் மாதிரி மேல்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி பூட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பும் பஸ்ஸில் ஆற்றைத் தாண்டும்போதும் ஜன்னல் பக்கமே முகத்தை வைத்திருந்தார். இனி இவர் நம்மோடு பேசப்போவதில்லை என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

அந்த வாரமே ஆபீசில் என் வீட்டுக்காரரின் மேஜையில் சாவியை வைத்திருக்கிறார்.

"தம்பி, போகச் சொன்னா போயிருவியள்லா?"

"போயிருவோம் அண்ணாச்சி."

ஒப்பந்தம் அவ்வளவுதான். குஞ்சு பறக்கும்வரை அடுக்களையைத் தொடக்கூடாது என்பது மட்டும் மதினி போட்ட சட்டம். ஹாலில் ஸ்டவ் வைத்துச் சமைத்தோம். மஹாராணி உள்ளே அடைகாத்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். குஞ்சுகள் பறந்துபோய்க் கொஞ்ச நாளில் என் மகள் பிறந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்காரர்கள் இருவரும் வாசலில் மணியடித்து, "இருக்கீயளா?" என்று கேட்டு, விருந்தாளிகளாக உள்ளே வருவார்கள். இப்போது காபி நான் போட்டேன்.

எங்கள் பால்கனியில் குழந்தைத்துணி காய்வதை பூட்டைப் பார்த்துப்போக வரும் மற்ற ஞாயிற்றுக்கிழமைக்காரர்களும் பார்த்தார்கள். உலகம் அழிந்துவிடவில்லை என்று தெரிந்ததும் மேல்மாடிக்காரர் ஒரு நர்ஸுக்குச் சாவி கொடுத்தார். எதிர்வீட்டில் மலையாளிக் குடும்பம் வந்தது. ஒவ்வொரு ஜன்னலாக விளக்கு ஏறியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

சில வருடங்களில் அண்ணாச்சி ரிடையர் ஆனார். அவர் கேட்கும்படி வைக்கக்கூடாது என்று நாங்களே வேறு வீடு பார்த்து, சாமான்களைக் கட்டிவிட்டோம். சாவியை நீட்டினேன். அவர் கையை நீட்டவில்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"என்ன அவசரம்? குவார்ட்டர்ஸ்ல நாங்க இன்னும் ரெண்டு மாசம் இருக்கலாம். புள்ள இங்கனதான நடக்கப் படிச்சா? இருங்க."

குடிவந்தவர்கள் போகமாட்டார்கள் என்று பயந்து வீட்டைப் பூட்டி வைத்திருந்த மனுஷர் அவர். நான் மறைக்காமல் அழுதேன். இரண்டு மாதம் இருந்தோம்.

வயலும் மயிலும் போய்விட்டன. அண்ணாச்சியும் மதினியும் இல்லை. மகள் நன்றாக இருக்கிறாள். சொந்த வீடு வாங்கிவிட்டாள். அந்த வீட்டை விட்டு வந்தபின் நாங்கள் எத்தனையோ வாடகை வீடு மாறினோம். யாரும் எங்களை மோசமாக நடத்தவில்லை. ஆனால் சாவியைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கத் தயங்கிய வீட்டுக்காரர் வேறு யாரும் இல்லை.