சாமிக்குப் போன எட்டு டேப்புகள்

எங்கள் கம்ப்யூட்டர் கூடம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. கோலாலம்பூரில் உயரமான கட்டடத்தில் இருக்க வேண்டிய மெயின்பிரேமைக் கோல சிலாங்கூருக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொண்டுவந்து வைத்ததற்குக் கம்பெனி ஒரு காரணம் சொன்னது. ஆலை செம்பனைச் சக்கையை எரித்துத் தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. ஊரெல்லாம் கரண்டு போனாலும் இங்கே போகாது. நல்ல காரணம்தான். ஆனால் நான் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். தோட்டத்தைவிட்டு ஓடுவதற்காகவே பினாங்கு போய்க் கம்ப்யூட்டர் படித்தேன். படித்து முடித்ததும் அந்தப் படிப்பு என்னைப் பத்திரமாக இன்னொரு தோட்டத்தில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. உள்ளே ஸ்வெட்டர் போட்டு நடுங்குவேன். வெளியே வந்தால் வேர்வையும் எண்ணெய் வாசமும் சேர்ந்து தலைமுடியில் அப்பிக்கொள்ளும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம். என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிய ஒரு நாள் இருந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாளைக்கு எஞ்சினியர் புதுப் புரோகிராம ஏத்த வர்றான். டிஸ்க்ல எடம் இல்ல. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணு. பண்ணிட்டா ஒன்னோட நிரந்தர லெட்டர்ல கையெழுத்து. இல்லன்னா, நீ இதுக்கு முன்ன பார்த்தது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல தற்காலிக டீச்சர் வேலைதானே?"

அதைத்தான் பார்த்தேன். மூன்றாம் வகுப்பு, நாற்பத்திரண்டு வால்கள். அங்கே திரும்பிப் போவதற்குப் பதில் ஆலைக் கொதிகலனில் குதித்துவிடலாம் என்றிருந்தேன்.

டிஸ்க்கைக் காலி செய்வது கஷ்டமான வேலை அல்ல. மாதக்கணக்கில் யாரும் திறந்து பார்க்காத கோப்புகளை மெஷினே பொறுக்கி எடுத்து டேப்புக்கு மாற்றிவிடும், அலமாரியை அடைத்துக்கொண்டிருக்கும் பழைய சேலைகளைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றுவது மாதிரி. நடுவில் அது டேப் கேட்கும்போது மட்டும் ஒரு மனிதர் எடுத்துவந்து மாட்ட வேண்டும். எந்த டேப்பைக் கேட்பது என்பதைத் தீர்மானிப்பது அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அந்த வரி என் ராஜ்ஜியம்.

நான் வருவதற்கு முன் அந்த வரி, 'ஏதாவது ஒரு காலி டேப் கொடு' என்றிருந்தது. எதைக் கொடுப்பது என்பது தலைமை ஆபரேட்டரின் இஷ்டம். அவரை எல்லாரும் டேப் அண்ணன் என்றுதான் கூப்பிட்டோம். ஆலையின் எடைமேடையிலிருந்து கூடத்துக்கு மாற்றலாகி வந்தவர். கட்டை குட்டையான உருவம். அவருடைய இஷ்டம் என்பது அவர் கை எட்டும் உயரம். நடுத்தட்டில் இருந்த இருபது டேப்புகள் ஓய்வே இல்லாமல் உழைத்துத் தேய, மேல்தட்டு டேப்புகள் ஓய்வூதியக்காரர்களைப் போலத் தூசி படிந்து உட்கார்ந்திருந்தன.

"அண்ணே, மேல்தட்டு டேப்புங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

"அதுக்கு ஏணி வேணும். ஏணி ஸ்டோர்ல இருக்கு. ஸ்டோர் சாவி ஆபீஸ் கிராணிகிட்ட. கிராணி லீவு. நீ வேணா என் தோள்ல ஏறு, டிகிரி."

என்னை அவர் டிகிரி என்றுதான் அழைப்பார். நான் விடுவேனா? சில நாள் முன்புதான் அந்த வரியில் ஒரு சொல்லை மாற்றியிருந்தேன். இனி மெஷின் 'ஏதாவது' கேட்காது. என் பட்டியலில் உள்ள டேப்பை எண் சொல்லிக் கேட்கும். அடுத்து பட்டியல். தேய்ந்த டேப், தூசி டேப் எதையும் நம்பாமல், அந்த வாரம் பெட்டி பிரித்த எட்டுப் புத்தம்புது டேப்புகளின் எண்களை மட்டும் அதில் ஏற்றினேன். மேனேஜர் பூரித்துப்போய்த் தலைமை அலுவலகத்துக்கு ஒரு குறிப்பே எழுதிவிட்டார். அண்ணன் பூரிக்கவில்லை.

"இத்தன நாளா சோறு போடுன்னுதான் கேட்டுச்சு. இப்ப இந்தத் தட்டு, இந்தக் கொழம்புன்னு கேக்குது. நல்லா வளர்த்திருக்க லா புள்ளைய."

டிஸ்க்கைக் காலி செய்ய வேண்டிய அந்த நாள் ஆயுத பூஜை. காலையில் ஆலைக்காரர்களும் எங்கள் ஆட்களும் சேர்ந்து ஓய்வறையில் பூஜை போட்டார்கள். தேங்காய் உடைத்தவர் மேனேஜர். நான் போகவில்லை, எனக்கு வேலை தலைக்கு மேல் இருந்தது, கர்வம் அதற்கும் மேல். மதியம் ஒரு மணிக்கு மாற்றும் வேலையைத் தொடங்கினேன். கன்சோல் திரை என் பட்டியலின் முதல் எண்ணைக் கேட்டது. அலமாரிக்குப் போனேன். எட்டும் இல்லை.

ஓய்வறையில் அண்ணன் கடலைச் சுண்டலோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, புது டேப்பெல்லாம் எங்க?"

"சாமிகிட்ட."

திரும்பிப் பார்த்தேன். ஆலை ஸ்பானர்கள், லோரிச் சாவிகள், குலை வெட்டும் அரிவாள்கள். அவற்றுக்கு நடுவில் என் எட்டு டேப்புகளும் கோபுரமாக அடுக்கப்பட்டு, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, மாலையோடு நின்றன.

"எரநூறு டேப் இருக்கே. ஏன் இந்த எட்டு?"

"கம்ப்யூட்டர தூக்கிட்டு வந்தா வைக்க முடியும்? அதுக்குப் பதிலா டேப்பு. லேபிள் கிழிஞ்சதையா சாமிக்கு வைப்பாங்க? இருக்கிறதுல எது புதுசுன்னு பார்த்தோம், வச்சோம்."

பட்டியல் எழுதியபோது நானும் அதையேதான் பார்த்திருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கிறேன்."

"நாளைக்குக் காலைல பூசை முடிச்சதும் எட்டையும் எடு. ஆயுதத்துக்கு இன்னிக்கு லீவு."

"மெஷினுக்கு லீவு இல்லண்ணே!"

"அது நீ குடுக்காத லீவு."

திரும்பி ஓடினேன். கேட்ட டேப் இல்லை என்று பதில் அடித்தேன். மெஷின் பட்டியலில் இரண்டாவதைக் கேட்டது, அதுவும் சாமியிடம். மூன்றாவதும் அப்படியே. மூன்று முறை இல்லை என்றதும் அது வேலையை நிறுத்திவிட்டு உம்மென்றிருந்தது. நான் மறுபடி தொடங்கிவிட்டு, மறுபடி ஓய்வறைக்குப் போனேன்.

"எடுக்கணும்னா எடு," என்றார் அண்ணன். "நான் கண்ண மூடிக்கிறேன். சாமி மூடுமான்னு தெரியல."

கோபுரத்தின் உச்சியில் இருந்ததை எடுத்தேன். சட்டை நுனியால் சந்தனத்தைத் துடைத்து, டேப்பில் எழுத அனுமதிக்கும் எழுத்து வளையத்தைப் பின்பக்கம் செருகி, டிரைவில் மாட்டினேன். டேப் இரண்டு சுற்றுச் சுற்றியது, நின்றது, கழற்றிக்கொண்டது. மெஷின் அதே எண்ணை மறுபடி கேட்டது. மாட்டினேன். கழற்றியது. கேட்டது. திறந்து பார்த்தால், டேப்பைப் படிக்கும் தலைப்பகுதியில் மஞ்சளும் சிவப்புமாக ஒரு தீற்றல். என் மெஷினுக்கு நான் பொட்டு வைத்திருந்தேன். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைக்கத் துடைக்க, குளிரூட்டிய கூடம் முழுக்கச் சந்தனம் மணந்தது. மணி அடித்தால் யாராவது கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

இரண்டரைக்குப் போன் வந்தது. காலையில் தேங்காய் உடைத்த மேனேஜர், தலைமை அலுவலக விருந்தாளிகளோடு பாசிர் பெனம்பாங் கடலுணவுக் கடையில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்படிப் போவுது?"

"போய்க்கிட்டே இருக்கு சார்," என்றேன். நான் சொன்னது என் உத்தியோகத்தை.

அப்புறம் கொஞ்ச நேரம் கன்சோலைப் பார்த்தபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பழைய டேப்புகளைப் பட்டியலில் சேர்க்கலாம். ஆனால் எது காலி, எது காலியில்லை என்பது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் சுண்டல் தின்றுகொண்டிருந்தார். கடைசியில் அந்த வரியைத் திறந்து என் சொல்லை அழித்துப் பழைய சொல்லைப் போட்டேன். பத்து வினாடி வேலை. வேலையை மறுபடி தொடங்கியதும் திரை பணிவாகக் கேட்டது: ஏதாவது ஒரு காலி டேப்.

"அண்ணே, கொஞ்சம் வாங்க."

வந்தார். திரையைப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஓ. இப்ப எந்தத் தட்டா இருந்தாலும் சாப்பிடுமா?"

"சாப்பிடும்."

அதற்குப் பிறகு வேகம்தான். ஒரு கை நடுத்தட்டுக்குப் போகும், மறு கை வளையத்தைச் செருகும், மெஷின் கேட்டு முடிப்பதற்குள் டேப் டிரைவில் இருக்கும். துடைத்த டிரைவும் மற்ற டிரைவும் மாறி மாறிச் சுழன்றன. லேபிளில் உள்ள தேதியைப் பார்த்து, உள்ளே உள்ள தகவல் இன்னும் காலாவதியாகாத டேப்பை மெஷின் துப்பிவிடும். பதினொன்றில் ஒன்றைத்தான் துப்பியது. அந்த ஒன்றுக்கு நான் கைதட்டினேன்.

"அது நேத்து ராத்திரி ஷிப்ட்டுக்காரன் மாத்தி வச்சது," என்றார், கொஞ்சமும் கூசாமல்.

ஐந்து மணிக்கு மேனேஜர் வந்தபோது டிஸ்க்கில் குடும்பமே குடியேறும் அளவுக்கு இடம் இருந்தது.

"வெரி குட். நீ எழுதின அந்த லிஸ்ட்டு முறைதானே?"

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அண்ணன் டேப்புக்குத் தூசி தட்டிக்கொண்டு நின்றார். தட்டுவது நின்றிருந்தது.

"இல்ல சார். அத தூக்கிட்டேன். அண்ணன் எடுத்துக் குடுத்ததெல்லாம் ஏத்துனேன்."

"எடம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன?" மேசையிலிருந்து கடிதத்தை எடுத்தார். சட்டைப் பையைத் தடவினார். முகம் மாறியது. "நாளைக்குப் போட்டுடறேன்."

"ஏன் சார்?"

"பேனா பூசையில இருக்கு."

என் பேனாவை நீட்டினேன். அதை ஏதோ செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "நீ பேனா வைக்கலியா?"

"டிகிரி எதையும் வைக்காது சார்," என்றார் அண்ணன். "எடுக்கத்தான் செய்யும்."

"எத எடுத்துச்சு?"

"சும்மா சொன்னேன் சார்."

ஆக, நான் இன்னும் ஒரு நாள் தற்காலிகம். மறுநாள் காலை பூஜை முடிந்ததும் மேனேஜரின் அறை வாசலில் போய் நின்றேன். அவர் மைப்பேனாவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மூடியைத் திறந்து, கடிதத்தில் வைத்தார். முதல் கோடு விழவில்லை. இரண்டாவதும் விழவில்லை. மூடிக்குள் இறங்கிய சந்தனம் பேனா முள்ளில் காய்ந்திருந்தது. உதறினார், ஊதினார், சுவரில் இருந்த காலண்டரின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலேயே கையை மட்டும் நீட்டினார். என் பேனாவைக் கொடுத்தேன்.